முன் சீட்டு மரியாதை

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிக்கப் வண்டி இருக்கிறது. நான்கு கதவு, பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தட்டு. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நாற்காலி, மேசை, கூடாரம் வாடகைக்கு விடுவது எங்கள் பிழைப்பு. மலேசியாவின் கெடா மாநிலம், சுங்கை பட்டாணி ஊரில் பாக்கார் ஆராங் பக்கம் வரிசை வீடு, வீட்டு வாசலில் இந்த வண்டி, வண்டிக்குள் எந்நேரமும் கல்யாணச் சாம்பார் வாசனை. எங்களுக்கு முன்னால் இரண்டு பேரிடம் குப்பை கொட்டிவிட்டு மூன்றாவதாக எங்களிடம் வாழ்க்கைப்பட்டு வந்த வண்டி அது. என் கணவர் அதைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார். பெற்ற பிள்ளையை அப்படிப் பார்த்துக்கொண்டாரா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருக்கும் முன் சீட்டை எங்கள் ஆட்கள் வெறும் சீட்டாக நினைப்பதில்லை. வண்டியில் ஏறுகிறவர்களில் யார் பெரியவரோ அவருக்குத்தான் அது. மாமியார் ஏறினால் மருமகள் பின்னால் போய்விட வேண்டும். சம்பந்தி ஏறினால் மாமியாரே பின்னால் போய்விட வேண்டும். கோயில் தலைவர் ஏறினால் எல்லாருமே பின்னால், முடிந்தால் வேறு வண்டியில். நாங்கள் நாற்காலி இறக்கிய ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையின் தாய்மாமனைத் தெரியாத்தனமாகப் பின் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். மனிதர் பட்டு வேட்டியோடு இறங்கி, பஸ் ஏறித் தன் ஊரான பாலிங்குக்கே திரும்பிப் போய்விட்டார். அதே மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கெடாதான் அந்தக் கடாரம், கடாரம் கொண்ட பரம்பரை நாம் என்று அரை மணி நேரம் முழங்கினார். கடாரத்தைக் கொண்ட பரம்பரைக்கு ஒரு காரின் பின் சீட்டில் உட்கார்ந்து வர முடியவில்லை.

எங்கள் வண்டியின் முன் சீட்டு என் நாத்தனாருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. என் கணவரின் ஒரே அக்கா. பக்கத்து ஊரான குருணில் இருக்கிறார். தாய் தகப்பன் போன பிறகு ரப்பர் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, தொழிற்சாலையில் வேலை செய்து தம்பியை வளர்த்து ஆளாக்கினார். தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. இந்தக் கதை தெரியாதவர்கள் கெடாவில் யாரும் கிடையாது, ஏனென்றால் அவரே எல்லாரிடமும் சொல்லிவிடுவார். இப்போது சில வருஷமாக இரண்டு சிறுநீரகமும் அவரைக் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் சுங்கை பட்டாணியில் டயாலிசிஸ். காலையில் குருணுக்குப் போய் அவரை ஏற்றி வருவதும், முடிந்ததும் கொண்டுபோய் விடுவதும் எங்கள் வேலை. அவரைப் பிடித்து நடத்தி உள்ளே விட நானும் போக வேண்டும். அவர் முன்னால் ஏறுவார். நான் பின்னால், மேசை விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. எனக்கு இதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். அவர் இல்லாத நாட்களில் முன்னால் ஏறி உட்கார்ந்ததும் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, காலை நன்றாக நீட்டிக்கொண்டு வருவேன். அடுத்த முறை அவர் ஏறும்போது, "யாரு லா இத இவ்வளவு பின்னால தள்ளுனது?" என்று காற்றைப் பார்த்துக் கேட்பார். நானும் காற்றையே பார்ப்பேன்.

இந்த நிலையில்தான் என் மகள் ஒரு நாள் சாலை வரி புதுப்பிப்பதற்காகக் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தாள். எப்படியோ வண்டி செய்த கம்பெனியின் பக்கத்துக்குப் போய், வண்டியின் சேசி நம்பரை அதில் தட்டியிருக்கிறாள். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் ஏர்பேக்கில் கோளாறு. வண்டி எதிலாவது மோதினால் பையை ஊத வேண்டிய உலோகக் குப்பி, தானே வெடித்து, துண்டு துண்டாக உட்கார்ந்திருப்பவர் மேல் பாயக்கூடும். வெயிலும் ஈரமும் அதிகமுள்ள இடங்களில் வண்டி பழசாக ஆகக் கோளாறும் கூடும். இலவசமாக மாற்றித் தரப்படும். மாற்றும்வரை முன் சீட்டில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம்.

இதற்குப் பெயர் ரீகால். அதாவது, தப்பாகச் செய்து விற்றுவிட்டோம், கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறோம் என்று கம்பெனி ஒத்துக்கொள்வது. ஒத்துக்கொண்டதை யாரிடமும் சொல்லாமல் ஒரு வலைப்பக்கத்தின் மூலையில் எழுதி வைத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம். வெயிலும் ஈரமும் அதிகமுள்ள இடமாம். கெடாவில் இந்த இரண்டும் இல்லாத ஒரு நாளைக் காட்டுங்கள், அன்றைக்கு நான் அந்தக் கம்பெனிக்குத் தேங்காய் உடைக்கிறேன்.

நான் என் கணவரிடம் காட்டினேன். அவர் வண்டிக்குள் கைநீட்டி முருகனைக் காட்டினார். டாஷ்போர்டின் மேல், சரியாக ஏர்பேக் மூடியின் நடுவில், உள்ளங்கை அளவு முருகன். வண்டி வாங்கிய அன்றைக்குப் பசை போட்டு ஒட்டியது.

"சாமி அங்கதானே இருக்காரு. ஒண்ணும் ஆகாது."

"அங்கதாங்க இருக்காரு. குண்டு மேல இருக்காரு."

அவர் முருகனைக் கும்பிட்டுவிட்டு வண்டிக் கதவைச் சாத்தினார். ஆனால் அன்றிலிருந்து வண்டி ஓட்டும் வேகம் குறைந்துவிட்டது. பின்னால் வருகிற மோட்டார் சைக்கிளெல்லாம் ஹார்ன் அடித்துவிட்டுப் போகும். அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன். "நீயே சொல்லு" என்றார். பெண்களுக்கு நடுவில் அவர் வரமாட்டாராம். கல்யாணமான நாளிலிருந்து நடுவில்தான் இருக்கிறார், அது அவருக்கு மட்டும் தெரியவில்லை.

அடுத்த டயாலிசிஸ் நாளில், குருணில் நாத்தனார் வீட்டு வாசலிலேயே சொன்னேன்.

"அக்கா, இனிமே நீங்க பின்னால உட்காருங்க. முன் சீட்டு ஆபத்தாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன வருஷமா இல்லாத ஆபத்து இப்பதான் வந்துச்சா?"

"கம்பெனியே சொல்லுதுக்கா. ஏர்பேக் வெடிச்சா இரும்புத் துண்டு மூஞ்சியில பாயும்."

"அப்போ நீ எங்க உட்காருவ?"

"நானும் பின்னாலதான்."

"ரெண்டு பொம்பளையும் பின்னால உட்காந்துகிட்டு, என் தம்பி மட்டும் முன்னால, கூலிக்கு ஓட்டற டிரைவர் மாதிரியா? நாம என்ன டத்தினா, பட்டம் வாங்கின பெரிய வீட்டம்மாவா?" கதவைத் திறந்து முன்னால் ஏறிவிட்டார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு முருகனைக் கும்பிட்டார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒனக்கு முன்னால உட்காரணும்னா நேரா கேளு லா. கம்பெனி பேரச் சொல்லி ஏன் சுத்தி வளைக்கிற?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஏர்பேக்கே தேவையில்லை, நானே வெடித்திருப்பேன். ஒரு மனுஷியின் உயிரைக் காப்பாற்றலாம் என்று போனால், சீட்டுக்கு ஆசைப்படுகிறேன் என்கிறார். என் கணவர் சாலையையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு கவனமாக ஓட்டி நான் பார்த்ததே இல்லை. சரி, நாத்தனாரை நகர்த்துவதைவிட அந்தக் குப்பியை நகர்த்துவது சுலபம் என்று முடிவு செய்தேன். அது எவ்வளவு பெரிய தப்புக் கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் கம்பெனிக்குப் போன் செய்தேன். மலாய்க்கு ஒன்றை அமுக்கு, இங்கிலீஷுக்கு இரண்டை அமுக்கு. ஒன்றை அமுக்கினால் பாட்டு. பாட்டுக்கு நடுவில், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல். முக்கியமான அழைப்பை இவ்வளவு நேரம் காக்க வைத்தால் முக்கியமில்லாத அழைப்பை என்ன செய்வார்களோ. கடைசியில் ஒரு மலாய்க்காரப் பெண் வந்தாள். தங்கமான குரல். "சபார் யா, காக்" என்றாள். பொறுமையாக இருங்கள், அக்கா. பேச்சுக்குப் பேச்சு காக், காக் என்று என்னை அக்காவாக்கிக்கொண்டு, நம்பரை வாங்கிக்கொண்டாள். திரும்பக் கூப்பிடுகிறோம் என்றாள். இன்றுவரை அந்தத் தங்கச்சி கூப்பிடவில்லை.

ஆகவே நேரில் போனோம். கம்பெனியின் சர்வீஸ் சென்டர் ஊருக்கு வெளியே பெரிய கண்ணாடிக் கட்டடம். உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது பளபளவென்று புது வண்டிகள். பழைய வண்டியின் கோளாறைச் சொல்ல வருகிறவர், இந்த அழகிகளையெல்லாம் தாண்டித்தான் சர்வீஸ் கவுண்டருக்குப் போக வேண்டும். ஒரு விற்பனைக்காரர் ஓடிவந்து, பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுங்களேன், ஏர்பேக் ஆறு இருக்கிறது என்றார். ஒன்றுக்கே இந்தப் பாடு, ஆறை வைத்துக்கொண்டு நான் எந்தக் கோயிலில் போய் விழுவது என்று கேட்டேன்.

கவுண்டரில் இருந்தவர் நம் தமிழ்ப் பையன்தான். சட்டையில் கம்பெனி முத்திரை இருந்ததால் அவருக்குத் தமிழ் வரவில்லை. நான் தமிழில் கேட்டேன், அவர் இங்கிலீஷில் சொன்னார். கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் முதல் சொந்தக்காரர் இல்லையே என்றார்.

"ஏன் தம்பி, வெடிக்கிறப்ப அது முதல் சொந்தக்காரரத் தேடிப் போயா வெடிக்கும்?"

அதற்குத் தமிழில் சிரித்தார். பிறகு வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். முருகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, பக்தியால் இல்லை. "திஸ் இஸ் மோடிஃபிகேஷன், ஆன்ட்டி. ஏர்பேக் கவர் மேல எதுவும் ஒட்டக் கூடாது. மோடிஃபிகேஷன் இருந்தா எங்களால தொட முடியாது." அறுபடை வீடு கொண்டவரை மோடிஃபிகேஷன் என்று சொன்ன முதல் ஆள் அந்தத் தம்பியாகத்தான் இருக்க வேண்டும்.

சாமியை எடுத்துவிட்டு வருகிறோம் என்றேன். எடுப்பது என்ன லேசா? என் கணவர் பஞ்சாங்கம் பார்த்தார். பிரதிஷ்டை செய்த சாமியைக் கண்ட நேரத்தில் கிளப்பக் கூடாதாம். பசை போட்டு ஒட்டியதற்குப் பெயர் பிரதிஷ்டை. அந்த வாரம் நாள் சரியில்லை, அடுத்த வாரம் தேய்பிறை, அதற்கடுத்த வாரம் பெரிய கல்யாணம், கூடாரத்துக்கே ஆள் போதவில்லை. கடைசியில் ஒரு நல்ல நாளில் கற்பூரம் காட்டி, மகளின் முடி உலர்த்தும் மெஷினால் பசையைச் சூடாக்கிச் சூடாக்கி, முருகனைப் பெயர்த்து ஓட்டுகிறவர் பக்கம் குடியேற்றினார். பழைய இடத்தில் வட்டமாக ஒரு வெளுத்த தடம் மட்டும் மிஞ்சியது. கம்பெனி சொன்னதைக் கேட்டு அந்தச் சீட்டின் பக்கத்திலிருந்து நகர்ந்துகொண்டவர் முருகன் ஒருவர்தான். நாத்தனார் நகரவில்லை.

அடுத்த முறை போனபோது மேனேஜரையே பார்த்தோம். நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை. யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்று கவுண்டர் தம்பி முன்னமே காதில் போட்டுவைத்திருந்தார், ஏதோ வைரஸ் பற்றி எச்சரிப்பது போல. என் நாத்தனாரிடம் அதைச் சொன்னபோது, "எங்க தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து கொடுத்தவரும் அவங்க ஆளுதான். இருமலுக்குப் போனாலும் வரிசையில நிக்க வெச்சிட்டு இங்கிலீஷ் பேப்பர் படிப்பாரு" என்றார். இந்த மேனேஜர் பேப்பர் படிக்கவில்லை, கைப்பேசி படித்தார். நிமிர்ந்து பார்த்து நல்ல இங்கிலீஷில் சொன்னார். சாமியை எடுத்துவிட்டீர்கள், சந்தோஷம். ஆனால் மாற்றுச் சாமான் இப்போது கையிருப்பில் இல்லை. உங்கள் மாடல் மிகவும் பழசு. வந்ததும் கூப்பிடுகிறோம்.

எப்போது வரும்? அது மேலிடத்துக்குத்தான் தெரியும். மேலிடம் எங்கே? கோலாலம்பூரில். அங்கே கேட்டால்? அவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். முருகனுக்கு நாள் பார்த்த என் கணவரை நான் அநியாயமாகத் திட்டிவிட்டேன் என்று அப்போது தோன்றியது. அவராவது ஒரு தேதி சொன்னார்.

இப்படியே மாதங்கள் ஓடின. ஒரு நாள் குருணிலிருந்து வரும் வழியில், முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் பிடித்தது. என் கணவரும் மிதித்தார். டயர் கதறியது. அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்தது அந்த வெளுத்த வட்டமும் அதற்கு எதிரே என் நாத்தனாரின் நரைத்த தலையும்தான். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் பின்னாலிருந்து பாய்ந்து, இரண்டு கையாலும் அவர் தோளைக் கட்டிப்பிடித்துச் சீட்டோடு சேர்த்து இழுத்தேன். லாரிக்குப் பின்னால் ஒரு முழம் இடைவெளியில் வண்டி நின்றது. ஒன்றும் ஆகவில்லை. நான் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

"எதுக்கு லா என் கழுத்தப் பிடிக்கிற?" என்றார் நாத்தனார். "அந்தக் குப்பி கொல்லாட்டாலும் நீ கொன்னுடுவ போலிருக்கே."

நான் அழுதுவிட்டேன். எனக்குப் பிடிக்காத ஒருத்திக்காக இப்படி அழ வேண்டியிருக்கிறதே என்று அதற்கும் சேர்த்து அழுதேன். அன்று டயாலிசிஸ் முடிந்ததும், வீட்டுக்குப் போகும் முன் நேராகக் கம்பெனிக்கு விடுங்கள் என்றேன். என் குரலைக் கேட்டதும் என் கணவர் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினார்.

கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால் வண்டியை நிறுத்தியதும் நான் உள்ளே போகவில்லை. கவுண்டர் தம்பியிடம், மேனேஜர் வெளியே வரும்வரை இந்த வண்டி இங்கிருந்து நகராது என்று சொல்லி அனுப்பினேன். புது வண்டி வாங்க வருகிறவர்கள் நுழைகிற வழியை எங்கள் பிக்கப் அடைத்துக்கொண்டு நின்றது, தட்டில் கூடாரக் கம்பிகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளுமாக. மேனேஜர் சீக்கிரமே வந்துவிட்டார். தமிழிலேயே பேசினார். எங்களைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்றால் அவருக்கும் தமிழ் வந்துவிடும் போலிருக்கிறது.

"மேடம், வண்டிய நீங்க தாராளமா ஓட்டலாம். அது சும்மா முன்னெச்சரிக்கைக்குப் போட்டது. இந்த ஊர்ல ஒரு வண்டியிலயும் ஒண்ணும் நடக்கல. நத்திங் வில் ஹேப்பன்."

"அப்படின்னா உங்க பக்கத்துல ஏன் உட்காராதன்னு போட்டிருக்கு?"

"அது லீகலுக்காக, மேடம். நீங்க பயப்படாதீங்க."

சண்டை முற்றுகிறது என்று என் கணவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெரிய மனிதர்கள் முன்னால் என் வாய் நீண்டால் அவருக்கு வியர்க்கும். பேச்சை மாற்ற நினைத்தவர், "சார், முன் சக்கரத்துல ஒரு சத்தம் கேக்குது. ஒரு ரவுண்டு வந்து பாக்க முடியுமா?" என்றார். உண்மையிலேயே சத்தம் இருந்தது. மேனேஜருக்கு முகத்தில் உயிர் வந்தது. சத்தம் என்றால் அவரால் ஏதாவது செய்ய முடியும். "கண்டிப்பா. வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்" என்றார்.

அப்போதுதான் முன் கதவு திறந்தது. என் நாத்தனார், ஊசி குத்திய கையில் கட்டோடு, கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கினார். கோயில் தலைவருக்கே இறங்காத மனுஷி. கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேனேஜர் ஐயா முன்னால உட்காரட்டும். பெரிய உத்தியோகம் பாக்கறவங்க. நான் பின்னால ஏறிக்கிறேன்."

மரியாதை தெரியும் என்று காட்டிக்கொள்ள இவருக்கு இதுதானா நேரம் என்று நினைத்தேன். மேனேஜர், "இட்ஸ் ஓகே, இட்ஸ் ஓகே" என்று சொல்லிக்கொண்டே பின் கதவுக்குப் போனார். என் கணவர் பதறிப்போய் ஓடி அவர் முழங்கையைப் பிடித்தார்.

"ஐயையோ, அங்க வேணாம் சார்! விரிப்பெல்லாம் கிடக்கு, சாம்பார் கறை. மேனேஜர் பின்னால உட்காந்தா எனக்குத்தான் சார் பாவம். முன்னால வாங்க சார்."

அவருக்கு ஏர்பேக் நினைவே இல்லை, சத்தியமாக. விருந்தாளியைப் பின்னால் உட்கார வைக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். இவர் முன்னால் இழுக்க, அவர் பின் கதவின் பிடியை விடாமல் நிற்க, உள்ளே இலவசக் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கப்போடு வெளியே வந்துவிட்டார்கள். மேனேஜருக்கு நெற்றி வியர்த்தது. சட்டென்று இங்கிலீஷும் கழன்று, எங்களோடு பேசிய தமிழும் கழன்று, அவர் வீட்டுத் தமிழ் வெளியே வந்தது.

"வேண்டாம் அண்ணே, விடுங்கோ. எனக்குப் பிள்ளைகள் இருக்கு. நான் பின்னுக்கே இருக்கிறன்."

என் நாத்தனார் திறந்த கதவைப் பிடித்தபடியே கேட்டார்.

"நத்திங்னு சொன்னீங்களே, ஐயா. இத்தன மாசமா நான் அங்கதான் உட்காந்து வர்றேன். எனக்கு ஆகிற சீட்டு உங்களுக்கு ஆகாதா?"

மேனேஜர் கவுண்டர் தம்பியைப் பார்த்தார். தம்பி தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். காபிக் கப்போடு நின்ற ஒரு சீனர் மெதுவாக முன்னால் வந்து, என்னுடையதும் இதே மாடல்தானே, என் மனைவியும் முன்னால்தானே உட்காருகிறாள் என்று மலாயில் கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் கைப்பேசியை எடுத்துத் தன் வண்டியின் நம்பரைத் தட்ட ஆரம்பித்தார். மேனேஜர் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். எங்களுக்கும் காபி வந்தது.

கோலாலம்பூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வர வேண்டிய அந்தச் சாமான், பக்கத்துப் பினாங்கிலேயே கிடங்கில் இருந்ததாம். அடுத்த வாரமே கூப்பிட்டார்கள். அவர்களாகவே. அன்றும் டயாலிசிஸ் முடிந்து நாத்தனாரோடு நேராக அங்கே போனோம். மாற்றும் வேலை, நாங்கள் இரண்டாவது காபியைக் குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்கு மறுபடியும் ஆத்திரம் வந்தது. இந்தக் காபி நேரத்து வேலைக்காக ஒரு மனுஷியை மாதக்கணக்கில் அந்தக் குப்பிக்கு நேரே உட்கார வைத்திருந்தார்கள். வண்டியை வெளியே எடுப்பதற்குள் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? எங்கள் ஊரில் நட்சத்திரம் பார்த்துத்தான் பொருத்தம் சொல்வார்கள். எங்களுக்கும் இந்தக் கம்பெனிக்கும் பொருத்தம் ஒன்றுகூட இல்லை என்று மகளை விட்டு அதில் எழுதச் சொன்னேன்.

கிளம்பும்போது நாத்தனார் பின் கதவின் பக்கம் போய் நின்றார்.

"நீ முன்னால உட்காரு" என்றார்.

"ஏன்க்கா?"

"அதான் சரி பண்ணிட்டாங்களே. இனிமே நீ உட்காரலாம்."

வண்டி முதல் சிக்னலில் நிற்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. உறைத்ததும் உடம்பைத் திருப்பி அவரைப் பார்த்தேன். விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்போ நான் சொன்னத நீங்க நம்புனீங்களா?"

"நம்பாம என்ன. கம்பெனிக்காரன் பொய் சொல்லுவான். நீ எதுக்குச் சொல்லப் போற? ஒனக்கு வாய்தான் நீளம்."

"அப்புறம் ஏன்க்கா அங்கயே உட்காந்தீங்க?"

"நான் எறங்கினா நீதானே ஏறுவ."

"நானும் பின்னாலதான்னு சொன்னேனே."

"சொன்ன. ரெண்டு நாள் பின்னால உட்காருவ, மூணாம் நாள் ஏறிடுவ. ஒன் ஆசை எனக்குத் தெரியாதா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கென்ன, கிட்னி ரெண்டும் போயாச்சு. நீ போய்ட்டா இவனுக்கு யாரு சோறு போடறது? என்னால முடியாது லா."

"அந்த மேனேஜருக்கு எறங்கிக் குடுத்தீங்களே? அவரு உட்காந்திருந்தா?"

"உட்கார மாட்டான். அவனுக்குத்தான் தெரியுமே."

என் கணவர் ரேடியோவை அணைத்தார். பச்சை விளக்கு விழுந்தும் அவர் நகராததால் பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நான் முன்னால் திரும்பி, அந்த வெளுத்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது நன்றாகத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்.

குருண் சாலையில் ஏறியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சீட்ட முன்னால தள்ளு. கால் நீட்ட எடமில்ல."

முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும்வரை தள்ளினேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.